கறியில் இருப்பது மருந்தா, மருந்துக்கு அடங்காத கிருமியா?

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “பிராய்லர் கோழிக்கு ஆன்டிபயாட்டிக் போடுறாங்க. அதைத் தின்னா நம்ம உடம்புக்கு மருந்தே கேக்காமப் போயிரும்.” இதில் பாதி உண்மை. மீதிப் பாதி, மூன்று வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பியது. கோழிக்குக் கொடுத்த மருந்து ஒன்று. அந்த மருந்துக்கு அடங்காமல் போன பாக்டீரியா இன்னொன்று. நம் உடம்பு மூன்றாவது. இவற்றைப் பிரித்துப் பார்க்காததால் ஒருவர் கறியையே கைவிடுகிறார். இன்னொருவர், “கொதிக்கிற குழம்புல எல்லாம் செத்துரும்” என்று சொல்லிக்கொண்டே கோழி வெட்டிய கத்தியால் பச்சடிக்கு வெங்காயம் அரிகிறார். அதிக ஆபத்தில் இருப்பவர் இந்த இரண்டாமவர்தான். ஏன் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில் சில பெயர்கள்

பாக்டீரியா என்பது ஒற்றை உயிரணுவால் ஆன நுண்ணுயிர். மண்ணிலும் தண்ணீரிலும் நம் தோலிலும் குடலிலும் இருக்கிறது. பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. ஈ.கோலை என்ற பாக்டீரியா ஆடு, மாடு, கோழி, மனிதர் என எல்லோர் குடலிலும் உண்டு. குடலுக்குள் இருக்கும்வரை பெரும்பாலும் சாதுதான். சிறுநீர்ப் பாதைக்கோ ரத்தத்துக்கோ போனால்தான் தொல்லை. சால்மோனெல்லாவும் கேம்பைலோபாக்டரும் வேறு ரகம். இவை கோழியின் குடலில் இருந்தாலும் கோழி நன்றாகவே இருக்கும், அதே கிருமி மனிதருக்குப் போனால் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும்.

ஆன்டிபயாட்டிக் என்பது பாக்டீரியாவைக் கொல்லும் அல்லது பெருகவிடாமல் தடுக்கும் மருந்து. பெனிசிலின் பாக்டீரியாவின் வெளிச்சுவரைக் கட்டவிடாது. டெட்ராசைக்ளின் அதைப் புரதம் தயாரிக்க விடாது. சிப்ரோஃபுளோக்சசின், பாக்டீரியாவின் குணங்களை எழுத்து எழுத்தாகக் குறித்துவைத்திருக்கும் டிஎன்ஏவைப் படியெடுக்கும் வேலையைக் கெடுக்கும். வைரஸுக்கு இந்த உறுப்புகளும் வேலைகளும் கிடையாது. அதனால் வைரஸ் நோய்க்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பதில் பயன் இல்லை. இதை நினைவில் வையுங்கள், கோழிப்பண்ணைக்குப் போகும்போது மறுபடி தேவைப்படும்.

எதிர்ப்புத்திறன் என்பது, முன்பு கொன்ற மருந்து இப்போது ஒரு பாக்டீரியாவைக் கொல்லாமல் போவது. மருந்தை எதிர்ப்பது பாக்டீரியா, மனிதர் இல்லை. “எனக்கு இந்த மாத்திரை கேக்கிறதில்லை” என்று சொல்லும்போது, உண்மையில் அந்த மாத்திரை கேட்காதது உங்களுக்குள் வந்திருக்கும் கிருமிக்கு. வாழ்நாளில் ஒரு ஆன்டிபயாட்டிக்கூட சாப்பிடாத பச்சைக் குழந்தைக்கும் மருந்துக்கு அடங்காத கிருமி தொற்றலாம்.

பருத்திக்காட்டுப் புழு சொல்லும் பாடம்

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் கரிசலில் பருத்தி போட்டவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. ஒரு காட்டில் லட்சம் காய்ப்புழு இருக்கிறது. அவற்றில் நான்கைந்துக்கு மட்டும் பிறவியிலேயே அந்தப் பூச்சிமருந்தைத் தாங்கும் உடல்வாகு. மருந்து அடித்ததும் மற்றதெல்லாம் செத்து, அந்த நான்கைந்து மட்டும் மிஞ்சும். தின்பதற்குக் காடு முழுக்க இருக்கிறது, போட்டிக்கு ஆளில்லை. அடுத்த தலைமுறை முழுக்க அவற்றின் பிள்ளைகள். அடுத்த வருஷம் அதே மருந்தை அடித்தால் வேலை செய்யாது. மருந்து எந்தப் புழுவையும் மாற்றிவிடவில்லை. தாங்காததை அழித்துத் தாங்குவதற்கு இடம் விட்டது, அவ்வளவுதான். அரைகுறை அளவில் அடித்தால் இன்னும் மோசம். ஓரளவு மட்டுமே தாங்கக்கூடியதும் அப்போது பிழைத்துக்கொள்ளும்.

பாக்டீரியாவிலும் நடப்பது இதுவே, வேகம்தான் பயங்கரம். புழுவுக்குத் தலைமுறை என்றால் வாரக்கணக்கு. ஈ.கோலை நல்ல சூட்டில், நல்ல தீனியில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்று 8 மணி நேரத்தில் 24 முறை பிரிந்தால் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம். டிஎன்ஏ படியெடுக்கும்போது எப்போதாவது எங்கோ ஒரு எழுத்து தவறும். அப்படித் தவறிய பல கோடியில் ஒன்றுக்கு மருந்தைத் தாங்கும் குணம் வந்துவிடும்.

எப்படித் தாங்குகிறது? சில பாக்டீரியா மருந்தை வெட்டிப்போடும் நொதியைச் சுரக்கும். பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் பலவற்றை இப்படித்தான் தோற்கடிக்கின்றன. சில, உள்ளே வந்த மருந்தை உடனுக்குடன் வெளியே இறைத்துத் தள்ளும். சில, மருந்து போய் ஒட்டவேண்டிய இடத்தின் வடிவத்தையே மாற்றிக்கொள்ளும்.

பக்கத்தில் இருப்பதற்கும் கைமாற்றும் குணம்

புழுவும் பாக்டீரியாவும் வேறுபடுவது இங்கேதான். புழு தன் குணத்தைத் தன் பிள்ளைகளுக்கு மட்டும்தான் கொடுக்க முடியும். பாக்டீரியா பக்கத்தில் இருக்கும், சொந்தமே இல்லாத வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கொடுக்கும். இதற்கு உதவுவது பிளாஸ்மிட். அது பாக்டீரியாவின் முதன்மை டிஎன்ஏவிலிருந்து தனியாகச் சுற்றும் ஒரு சின்ன டிஎன்ஏ வளையம். மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் பெரும்பாலும் இதில் ஏறி உட்கார்ந்திருக்கும். இரண்டு பாக்டீரியா ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்போது ஒன்று தன் வளையத்தைப் படியெடுத்து மற்றதற்குத் தள்ளிவிடும். ஒரே வளையத்தில் நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்தே இருக்கலாம். அதனால் கோழிக்குக் கொடுத்தது டெட்ராசைக்ளின் மட்டுமே என்றாலும், அதைத் தாங்கிப் பிழைத்த பாக்டீரியா வேறு மூன்று மருந்துகளையும் தாங்குவதாக இருக்கலாம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. கொலிஸ்டின் என்பது வேறு எதுவும் கேட்காதபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசியாக எடுக்கும் மருந்து. அதையே பல நாடுகளில் பன்றிக்கும் கோழிக்கும் தீவனத்தில் கலந்துவந்தார்கள். கொலிஸ்டினை எதிர்க்கும் மரபணு ஒன்று பிளாஸ்மிட்டில் ஏறி, பன்றியிலும் பச்சை இறைச்சியிலும் நோயாளிகளிலும் இருப்பதை 2015 நவம்பரில் சீனாவில் கண்டறிந்து வெளியிட்டார்கள். உணவுக்கான கால்நடைகளில் கொலிஸ்டின் பயன்படுத்த இந்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: மருந்து பாக்டீரியாவை எதிர்க்கக் கற்றுக்கொடுப்பதில்லை, எதிர்ப்பதை மட்டும் மிச்சம் வைக்கிறது. மிஞ்சியது தன் குணத்தைப் பிள்ளைகளுக்கும் கொடுக்கும், அண்டைக்கும் கொடுக்கும்.

பண்ணையில் என்ன நடக்கிறது

ஒரு கொட்டகையில் 5,000 கோழி என்றால், நோய் வந்த 50 கோழியைப் பிடித்துத் தனித்தனியாக ஊசி போட யாராலும் முடியாது. மருந்தைக் குடிதண்ணீர்த் தொட்டியில் கலந்துவிடுவார்கள். இங்கே இரண்டு தவறு சேர்ந்து நடக்கிறது. நோயில்லாத 4,950 கோழியும் மருந்து குடிக்கிறது. நோயுள்ள கோழிக்குச் சோர்வு, அது தண்ணீரே குறைவாகத்தான் குடிக்கும். ஆக, மருந்து தேவைப்பட்டதற்கு அரைகுறை அளவும் தேவையில்லாததற்கு முழு அளவும் போகின்றன. பருத்திக்காட்டில் பார்த்த அதே நிலைமை.

நோயே இல்லாமல் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் சிறிய அளவில் தினமும் கலப்பது இன்னும் கெடுதல். ஐரோப்பிய ஒன்றியம் இதை 2006 ஜனவரி 1 முதல் முழுவதுமாக நிறுத்தியது. மனித மருத்துவத்துக்கு முக்கியமான மருந்துகளை ஆரோக்கியமான கால்நடைக்கு வளர்ச்சிக்காகவோ முன்னெச்சரிக்கையாகவோ கொடுக்கக்கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2017இல் வழிகாட்டியது.

‘அது கோழி மருந்து, நமக்கு வேறு மருந்து’ என்ற எண்ணமும் தவறு. கோழிக்குக் கொடுக்கும் என்ரோஃபுளோக்சசினும் நமக்கு எழுதித்தரும் சிப்ரோஃபுளோக்சசினும் ஒரே குடும்பம். கோழியின் உடலில் என்ரோஃபுளோக்சசினின் ஒரு பகுதி சிப்ரோஃபுளோக்சசினாகவே மாறுகிறது. ஒன்றைத் தாங்கும் பாக்டீரியா மற்றதையும் தாங்கும். இந்தக் காரணத்துக்காகவே அமெரிக்கா 2005இல் கோழிகளுக்கு என்ரோஃபுளோக்சசின் தருவதை நிறுத்தியது.

நாட்டுக்கோழி என்றால் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். வெள்ளைக்கழிச்சல் வந்தால் மருந்துக்கடையில் மனிதருக்கான டெட்ராசைக்ளின் மாத்திரையை வாங்கி, தூளை அரிசிக்குருணையில் கலந்து போடும் பழக்கம் கிராமங்களில் இருக்கிறது. வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். அந்த மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. கோழியின் குடலில் இருக்கும் பாக்டீரியாவில் தாங்குவதை மட்டும் பொறுக்கி வளர்த்துவிடும். இந்த நோய்க்கு வழி தடுப்பூசி, அது கால்நடை மருந்தகத்தில் கிடைக்கிறது. முகாம் வரும்போது கோழிகளைக் கூடையில் போட்டுக் கொண்டுபோனால் போதும். ஆடுகளுக்கு வரும் ஆட்டுக்கொல்லி நோயும் இதேபோல வைரஸ்தான், அதற்கும் தடுப்பூசி உண்டு. (பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்ற பேச்சு வெறும் வதந்தி. பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனமும் சத்தான தீவனமும்தான் ஆறு வாரத்தில் 2 கிலோ கொடுக்கின்றன.)

எச்சம் வேறு, கிருமி வேறு

கோழிக்கோ ஆட்டுக்கோ கொடுத்த மருந்தில் அறுக்கும் நேரத்தில் உடலில் மிச்சமிருப்பதை மருந்து எச்சம் என்கிறோம். கடைசி வேளை மருந்துக்கும் அறுப்புக்கும் இடையில் விடவேண்டிய நாட்களுக்கு நிறுத்தக் காலம் என்று பெயர். கால்நடை மருந்தின் புட்டியிலேயே இது அச்சடித்திருக்க வேண்டும் என்பது இந்திய விதி. அந்த மருந்துக்கு நிறுத்தக் காலம் முறையாக நிர்ணயிக்கப்படவில்லை என்றால் முட்டைக்கும் பாலுக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள்.

இந்த 28ஐப் பிராய்லரின் ஆயுளோடு வைத்துப் பாருங்கள். 40ஆம் நாளில் விற்கும் கோழிக்கு 12ஆம் நாளோடு அந்த மருந்து நின்றுவிட வேண்டும். ஆனால் சளி நோயும் ஈ.கோலை தொற்றும் பெரும்பாலும் மூன்றாவது வாரத்துக்கு மேல்தான் தலைகாட்டும். நோய் வந்த கோழிக்கு மருந்து கொடுத்தால் விற்பனை நாள் தள்ளிப்போகும், தள்ளினால் தீவனச் செலவு ஏறும். விதி மீறப்படுவது இந்த இடுக்கில்தான். ஆட்டிலும் இதே கதை: காய்ச்சல் கண்ட ஆட்டுக்கு வியாழக்கிழமை ஊசி போட்டு வெள்ளிக்கிழமை திருமங்கலம் சந்தைக்கு ஏற்றினால், வாங்கியவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. எச்சம் அதிகம் தங்குவது ஈரலிலும் சிறுநீரகத்திலும் ஊசி போட்ட இடத்துத் தசையிலும்.

இனி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எச்சம் ஒரு வேதிப்பொருள். அதற்கு உயிர் இல்லை, பெருகாது, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. என்ரோஃபுளோக்சசின் குடும்பத்து மருந்துகள் குழம்புக் கொதியில் பெரும்பாலும் அழிவதில்லை. அதை நிறுத்தவேண்டிய இடம் பண்ணை, சமையலறையில் நாம் செய்ய அதிகம் இல்லை. கிருமிக்கு உயிர் உண்டு, பெருகும், தொற்றும், பிளாஸ்மிட்டைக் கைமாற்றும். ஆனால் சூட்டில் செத்துவிடும். மருந்துக்கு அடங்காத பாக்டீரியா சூட்டுக்கும் அடங்காது என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. சாதாரண ஈ.கோலை சாகும் அதே வெப்பத்தில் அதுவும் சாகும். நிறுத்தக் காலத்தை ஒரு நாள்கூடத் தவறாமல் காத்த, எச்சமே இல்லாத கறியிலும் எதிர்ப்புள்ள கிருமி இருக்கலாம். ஏனென்றால் மருந்து வெளியேறிய பின்னும் அது தேர்ந்தெடுத்துவிட்ட பாக்டீரியா குடலிலேயே இருக்கும்.

அறுக்கும் இடத்தில் கறிக்குக் கிருமி வரும் வழி

நோயில்லாத ஆட்டின் தொடைச் சதைக்குள் பாக்டீரியா அநேகமாக இருக்காது. பிறகு கறியில் எங்கிருந்து வருகிறது? தோலில் ஒட்டிய புழுக்கையிலிருந்தும் குடலிலிருந்தும். குடலில் இருப்பதில் ஒரு கிராமுக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியா. அதனால் நல்ல அறுப்பு என்பதன் சாரம் ஒன்றுதான்: தோலின் வெளிப்புறமும் குடலின் உட்புறமும் கறியைத் தொடக்கூடாது.

இதை ஆட்டில் எப்படிச் செய்வது? முந்தின ராத்திரியிலிருந்து ஏறத்தாழ 12 மணி நேரம் தீனி நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைக்க வேண்டும். இரைப்பை நிறைந்திருந்தால் வயிற்றைத் திறக்கும்போது கிழியும். அறுத்து ரத்தம் வடிந்ததும் தரையில் போட்டு உரிக்காமல் கொக்கியில் மாட்ட வேண்டும். தோலைக் கீறும்போது கத்தியின் கூர்ப்பக்கம் வெளியே பார்க்கவேண்டும், உள்ளிருந்து வெளியே கீறினால் முடியும் அழுக்கும் சதைக்குள் இழுபடாது. முதல் கீறல் முடிந்ததும் கத்தியை மாற்ற வேண்டும், அது தோலைத் தொட்ட கத்தி. பிறகு ஒரு கை தோலைப் பிடித்து இழுக்கும், மறு கை முட்டியால் சதையிலிருந்து பிரிக்கும். தோலைப் பிடித்த கை கழுவாமல் சதையைத் தொடக்கூடாது. உரித்த தோலின் வெளிப்புறம் சுருண்டுவந்து தொடையில் படுவதும் அடிக்கடி நடப்பது.

வயிற்றைத் திறப்பதற்கு முன் உணவுக்குழாயைக் கட்ட வேண்டும். ஆசனவாயைச் சுற்றி அறுத்து அந்த முனையையும் இறுக்கிக் கட்ட வேண்டும். இரண்டு முடிச்சும் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் இதுதான். முடிச்சு இல்லாமல் குடலை இழுத்தால் உள்ளிருப்பது கறிமீது வடியும். வடிந்துவிட்டால் உடனே தண்ணீரை ஊற்றிக் கழுவத் தோன்றும். அது தவறு. தண்ணீர் அந்த ஒரு கையளவு இடத்து அழுக்கை உடல் முழுக்கப் பரப்பிவிடும். பட்ட இடத்தைக் கத்தியால் சீவி எடுத்து எறிவதே சரி.

கத்தியைச் சுத்தம் செய்ய உலகெங்கும் ஏற்றுக்கொண்ட அளவு 82 டிகிரி செல்சியஸ் வெந்நீர். ஒரு ஆளுக்கு இரண்டு கத்தி. ஒன்று வேலையில், மற்றது வெந்நீரில். பல இடங்களில் இருப்பதோ பக்கத்தில் ஒரு வாளிப் பச்சைத்தண்ணீர். விடியற்காலை 4 மணிக்கு நிரப்பிய வாளியில் 8 மணி வரை கத்தியையும் கையையும் முக்கிக்கொண்டே இருந்தால், முதல் ஆட்டின் குடலில் இருந்தது முப்பதாவது ஆட்டின் கறிக்கும் போய்ச்சேரும். ஒரே ஒரு ஆட்டில் இருந்த எதிர்ப்புள்ள பாக்டீரியா ஊர் முழுக்கப் பரவ இந்த வாளி ஒன்று போதும். அறுப்பதற்கு முன்னும் பின்னும் கால்நடை மருத்துவர் பார்த்து முத்திரையிடும் மாநகராட்சிக் கூடத்து ஆட்டுக்கும் தெருவோரத்தில் அறுத்த ஆட்டுக்கும் உள்ள வித்தியாசம் நோய்ச் சோதனை மட்டும் இல்லை. கொக்கி, ஓடும் தண்ணீர், வடிகால் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருப்பதுதான் பெரிய வித்தியாசம். சீல் வைத்த கறியைக் கேட்டு வாங்குங்கள்.

கோழியில் சிக்கல் வேறு மாதிரி. ராத்திரி லாரியில் பெட்டிமேல் பெட்டியாக அடுக்கி வரும் கோழிகளில் மேல்பெட்டிக் கோழியின் கழிவு கீழ்ப்பெட்டிக் கோழியின் இறகில் விழும். பயணக் களைப்பில் குடலிலிருந்து கிருமி அதிகமாக வெளிவரும். கடையில் தோலோடு கேட்பவர்களுக்காகக் கோழியை 58 முதல் 60 டிகிரி வெந்நீரில் முக்கி எடுப்பார்கள். தண்ணீர் ஆறி வெதுவெதுப்பாகிவிட்டால் இறகும் வராது, கிருமியும் சாகாது. ஒரு கோழியின் அழுக்கில் அடுத்த கோழி குளிக்கும். இறகு பிடுங்கும் இயந்திரத்தில் இருக்கும் ரப்பர் விரல்கள் நாளடைவில் வெடிக்கும், அந்த வெடிப்புகளுக்குள் கிருமி தங்கிவிடும். வெடித்த விரலைக் கழற்றி மாற்றுவதைத் தவிர வழியில்லை. கையால் தோலோடு உரிப்பதில் இந்த இரண்டும் இல்லை. ஆனால் இறகைப் பிடித்த அதே கைதான் கறியையும் பிடிக்கிறது. கோழிக்குடல் மெல்லியது, விரலால் இழுக்கும்போது அறுந்தால் அந்தக் கோழியைக் குழாயடியில் தனியாகக் கழுவவேண்டும், எல்லாக் கோழியும் கிடக்கும் டிரம்மில் முக்கக்கூடாது.

கறிக்கட்டைக்கும் கவனிப்பு வேண்டும். புளியமரக் கட்டையில் வெட்டு விழுந்த கோடுகளில் கொழுப்பும் எலும்புத்தூளும் சேரும். கடை சாத்தும்போது கட்டையைத் தகட்டால் சுரண்டி, சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுத் தேய்த்து, அதன்பிறகே பிளீச்சிங் கரைசல் ஊற்ற வேண்டும். 10 லிட்டர் தண்ணீருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 7 கிராம் போதும். பத்து நிமிடம் விட்டுக் கழுவி, கட்டையைச் சாய்த்து நிறுத்திக் காயவிட வேண்டும். சோப்புப் போடாமல் நேராகப் பிளீச்சிங் ஊற்றினால், குளோரின் முழுக்க அந்தக் கொழுப்போடும் ரத்தத்தோடும் வினைபுரிந்து தீர்ந்துவிடும். நெடி வரும், கிருமி சாகாது.

இந்தக் கிருமிகளை முதலில் சுமப்பவர் கறி வெட்டுபவர்தான். கையில் வெட்டுக்காயம் இல்லாத நாள் அவருக்குக் குறைவு. தண்ணீர் புகாத பிளாஸ்திரி, வீட்டுக்குப் போகுமுன் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுதல், கடைக்குத் தனி உடுப்பு, இந்த மூன்றும் அவருக்கும் அவர் வீட்டுக் குழந்தைகளுக்கும் பாதுகாப்பு. அவருக்குக் கடையில் குழாய்த் தண்ணீரும் வடிகாலும் இல்லாமல் வைத்துவிட்டுச் சுத்தமில்லை என்று அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. கழிவும் இப்படித்தான். ரத்தமும் குடல்கழிவும் வாய்க்காலில் இறங்கி வைகைக்குப் போனால் கிருமியும் பிளாஸ்மிட்டும் கூடவே போகின்றன.

சுருக்கமாக: கிருமி பிறப்பது கறியில் இல்லை, குடலில். கத்தி, கை, வாளி, கட்டை வழியாகத்தான் கறிக்கு வருகிறது.

வீட்டில்

கடையில் 100 பாக்டீரியாவோடு 9 மணிக்கு வாங்கிய கறி, வண்டியின் முன்கொக்கியில் தொங்கி, மதுரை வெயிலில் நான்கு இடம் சுற்றி 12 மணிக்கு வீடு சேர்ந்தால், 20 நிமிடக் கணக்குப்படி 51,200. தொடக்கத்தில் பெருக்கம் சற்று மெதுவாகத்தான் நடக்கும். இருந்தாலும் போக்கு இதுதான். வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள் சமைக்கத் தொடங்குங்கள் அல்லது 4 டிகிரிக்குக் கீழே ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரீசர் கிருமியைக் கொல்லாது, நிறுத்திவைக்கும். உறைந்த கறியை மேடையில் வைத்து இளக்கினால் உள்ளே கல்லாக இருக்கும்போதே வெளிப்புறத்தில் பெருக்கம் தொடங்கிவிடும். முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக்குங்கள். மசாலா தடவி ஊறவைப்பதும் ஃபிரிட்ஜுக்குள்தான்.

கழுவுவது பற்றி. கோழியைக் கழுவவே வேண்டாம் என்பது பல நாட்டு உணவுத்துறைகளின் அறிவுரை, காரணம் குழாய் வேகத்தில் தெறிக்கும் துளி மேடை முழுக்கக் கிருமியைப் பரப்பும். நம் கடைக் கறியில் ரத்தமும் எலும்புத்தூளும் இருப்பதால் கழுவாமல் யாரும் அடுப்பில் ஏற்றப்போவதில்லை. அப்படியானால் இப்படிக் கழுவுங்கள்: ஆழமான பாத்திரத்தில் முதலில் தண்ணீரை நிரப்பி, பிறகு கறியைப் போட்டு, தண்ணீருக்கு அடியிலேயே கையால் அலசி, மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்கள். குழாயைத் திறந்து கறிமேல் விடாதீர்கள். பக்கத்தில் மல்லித்தழை, தேங்காய், குடிதண்ணீர்க் குடம் எதுவும் இருக்கக்கூடாது. முடிந்ததும் தொட்டியையும் குழாய்ப்பிடியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழாய்ப்பிடியைப் பலர் மறந்துவிடுவார்கள், கறிக்கையால் திருகியது அதைத்தான். மஞ்சள் கவிச்சியைக் குறைக்கும், கிருமியைக் கொல்லும் என்று அதை நம்பக்கூடாது. குடல் சுத்தம் செய்வதைச் சமையலறைத் தொட்டியில் வைத்துக்கொள்ளவே வேண்டாம், கொல்லைக் குழாயடியில் செய்யுங்கள்.

பச்சைக் கறியிலிருந்து கை, கத்தி, பலகை வழியாகச் சமைக்காமல் தின்னும் பொருளுக்குக் கிருமி போவதைக் குறுக்குத் தொற்று என்கிறோம். தொடக்கத்தில் சொன்ன பச்சடி வெங்காயக்காரர் மாட்டிக்கொள்வது இதில்தான். குழம்பு கொதிக்கும், பச்சடி கொதிக்காது. கறிக்கு ஒரு கத்தி, ஒரு பலகை தனியாக வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றுதான் இருக்கிறது என்றால் காய்கறியை முதலில் அரிந்து மூடிவைத்துவிட்டுக் கறிக்கு வாருங்கள்.

வேகவைக்க, கறியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டால் போதும். கொதிக்கும் குழம்பு 100 டிகிரி, குக்கர் அதற்கும் மேல். சாதாரணக் குழம்பில் கிருமி தப்பாது. தப்புவது பெரிய துண்டில், எலும்பையொட்டி. பொரித்த கோழியைப் பிளந்தால் எலும்பருகே சிவந்த நீர் வடிந்தால் இன்னும் வேகவேண்டும். கிரில் கோழிக்கும் ஷவர்மாவுக்கும் இதே கவனம் தேவை, வெளியே கருகியிருக்கும், உள்ளே வெந்திருக்காது. கொத்துக்கறி தனி விஷயம். துண்டுக்கறியில் கிருமி மேல்பரப்பில்தான், கொத்தும்போது மேலே இருந்ததெல்லாம் உள்ளே போய்விடும். பச்சைக் கொத்துக்கறியை அப்படியே உருட்டிப் பொரிப்பதாக இருந்தால் கோலா உருண்டையைச் சின்னதாகப் பிடித்து நிதானமான தீயில் போடுங்கள். வேகவைத்து அரைத்துப் பிடிக்கும் முறையில் இந்தச் சிக்கலே இல்லை.

வயிற்றுக்குள் போய்விட்டால்

இரண்டு விதமாக நடக்கலாம். ஒன்று, சால்மோனெல்லா போன்றது வந்து ஓரிரு நாளில் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் ஓஆர்எஸ் கரைசலோடு தானே சரியாகும், ஆன்டிபயாட்டிக் தேவைப்படாது. கைக்குழந்தை, முதியவர், கர்ப்பிணி, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் ஆகியோருக்குக் கிருமி ரத்தத்தில் கலந்தால் மருந்து கட்டாயம். அந்த நேரத்தில் மருந்து கேட்காமல் போனால் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று சத்தமில்லாதது. எதிர்ப்புள்ள ஈ.கோலை குடலில் குடியேறும், எந்த அறிகுறியும் இருக்காது. சில வாரமோ சில மாதமோ தங்கும், தன் பிளாஸ்மிட்டை நம் குடலின் சொந்தப் பாக்டீரியாவுக்குக் கொடுக்கும். பின்னொரு நாள் சிறுநீர்த் தொற்று வரும்போது வழக்கமான மாத்திரை வேலை செய்யாது. அன்றைக்கு யாருக்கும் கோழிக்கறி நினைவுக்கு வராது. 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா நேரடிக் காரணமாக உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இவ்வளவும் கறியால் வந்ததில்லை. மனிதர்கள் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கி விழுங்குவதும் மருத்துவமனைக்குள் பரவுவதும் கறியைவிடப் பெரிய காரணங்கள்.

அதனால் சிறுநீர்த் தொற்றோ ஆறாத புண்ணோ வந்தால், முதல் மாத்திரை போடுவதற்கு முன்பே கல்ச்சர் பரிசோதனைக்கு மாதிரி கொடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை அது இரண்டு மூன்று நாளில் சொல்லிவிடும். மாத்திரையை விழுங்கிவிட்டுப் போய்க் கொடுத்தால் கிருமி தட்டில் வளராமல் போய், முடிவில் ஒன்றும் தெரியாது. நீங்கள் கறி வெட்டும் தொழிலிலோ கோழிப்பண்ணையிலோ இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எந்த மருந்தில் தொடங்குவது என்று முடிவெடுக்க அந்தத் தகவல் அவருக்கு உதவும்.